ரிவர்ஸ் ஷிஃப்ட், கூடவே குயிக்‌ஷிஃப்டர்: இடது கால் குழம்புகிறது, எப்படிப் பழகினீர்கள்?

இடதுகால் எழுதியது:

வணக்கம். பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். எல்லாமே வழக்கமான கியர் முறைதான், ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. போன மாதம் பழைய 600 சிசி ஸ்போர்ட் பைக் ஒன்று வாங்கினேன், நாலு சிலிண்டர், கேபிள் ஆக்சிலேட்டர். முன்பு வைத்திருந்தவர் அதை ட்ராக்கில் ஓட்டியவர். கியரைத் தலைகீழாக்கி (ரிவர்ஸ் ஷிஃப்ட்) வைத்திருக்கிறார், அதாவது முதல் கியர் மேலே தூக்க வேண்டும், இரண்டிலிருந்து ஆறு வரை கீழே மிதிக்க வேண்டும். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும், வெளியில் வாங்கிய குயிக்‌ஷிஃப்டர் ஒன்றும் மாட்டியிருக்கிறார். கியர் ஏற்றும்போது மட்டும்தான் அது வேலை செய்யும், இறக்குவதற்குக் கிளட்ச் பிடித்தே ஆக வேண்டும்.

வாங்கும்போது இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, ரெண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். உண்மையிலேயே ரெண்டு நாளில் பழகியது போலத்தான் இருந்தது, கவனமாக ஓட்டும்போது ஒரு தப்பும் வருவதில்லை. ஆனால் மனம் வேறு எங்காவது போன நேரத்தில் கால் பழையபடி வேலை செய்கிறது. சிக்னலில் நின்றவுடன் முதல் கியருக்கு வர டக் டக் என்று கீழே மிதிக்கிறேன், பச்சை விழுந்து கிளட்சை விட்டால் வண்டி மூன்றாவது கியரில் திணறி அணைந்துபோகிறது. இது பரவாயில்லை, வெட்கத்தோடு போயிற்று. நேற்று நடந்ததுதான் பயமாக இருக்கிறது.

ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியர், ஆர்பிஎம் பத்தாயிரத்தை ஒட்டி. நான்காவது போட வேண்டும். எதிரே தூரத்தில் கார் வெளிச்சம் தெரிந்ததும் மனம் கொஞ்சம் பதறியது, குயிக்‌ஷிஃப்டர் இருப்பதே மறந்துபோய் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை மூடி, லீவரை மேலே தூக்கிவிட்டேன். அது இரண்டாவது கியர். கிளட்சை விட்டதும் எஞ்சின் ஒரு அலறல் அலறியது, பின் சக்கரம் ரெண்டு மூன்று முறை துள்ளியது, வண்டி வாலை ஆட்டியது. எப்படியோ கிளட்சைத் திரும்பப் பிடித்து நேராக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

தினமும் ஆபீசுக்குப் போவது இன்னொரு வண்டி, 150 சிசி, அதில் வழக்கமான முறை. இதுவும் குழப்பத்துக்குக் காரணமா? ரிவர்ஸை அப்படியே வைத்துப் பழகலாமா, திருப்பி மாற்றிவிடலாமா? குயிக்‌ஷிஃப்டரும் எனக்குப் புதுசுதான். வேகத்தில் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஊருக்குள் மெதுவாகப் போகும்போது முதுகில் குத்துவது போல இடிக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மிதித்தால் பாதி நேரம் நியூட்ரலில் போய் நிற்கிறது. இது கோளாறா, என் காலின் தவறா?

—

பிட்லேன் எழுதியது:

முதலில், நீங்கள் விழாமல் வந்தது நல்ல விஷயம். நான் ஆறு வருடமாக ரிவர்ஸில்தான் ஓட்டுகிறேன், ட்ராக்கிலும் சாலையிலும். அதனால் எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

இந்த ரிவர்ஸ் முறை ஏன் வந்தது என்று புரிந்தால் பழகுவது கொஞ்சம் சுலபம். இடது வளைவில் வண்டி நன்றாகச் சாய்ந்திருக்கும்போது லீவருக்கும் தரைக்கும் நடுவே பூட்ஸ் நுனி நுழைய இடமே இருக்காது. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது, இன்னும் சாய்ந்திருக்கும்போதே, ஆக்சிலேட்டரைத் திறந்து கியர் ஏற்ற வேண்டியிருக்கும். கீழே கால் விட்டுத் தூக்க முடியாது, மேலிருந்து அழுத்தலாம். அவ்வளவுதான் காரணம். கியர் இறக்குவது பெரும்பாலும் வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்து இருக்கும்போது பிரேக்கோடு நடக்கிறது, அப்போது தூக்குவதில் சிரமம் இல்லை. இன்னொரு சௌகரியம், முடுக்கும்போது உடம்பு பின்னால் தள்ளப்படுகிறது, அந்த நேரத்தில் கால் கட்டைவிரலால் தூக்குவதைவிட அழுத்துவது உறுதியாக விழும். குயிக்‌ஷிஃப்டருக்கு உறுதியான அழுத்தம்தான் வேண்டும், அதனால் ரெண்டும் ஜோடியாகப் போகின்றன.

இப்போது பழகுவது பற்றி. நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது, கவனமாக ஓட்டும்போது தப்பு வரவில்லை. அதாவது மூளைக்குத் தெரிந்துவிட்டது, காலுக்குத் தெரியவில்லை. இன்னும் நிறைய சுற்றினால் சரியாகும் என்று சும்மா ஓட்டாதீர்கள், சாதாரணமாக ஓட்டும்போது பதற்றம் வருவதே இல்லை, அதனால் பதற்றத்துக்கான பழக்கமும் வராது. காலியான, நீளமான, நல்ல தார் இடம் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிமீ வேகத்துக்குப் போய், மூன்றாவது கியரில், பிரேக்கை நன்றாகப் பிடித்து, தூக்கு, தூக்கு, நிற்பதற்குள் முதல் கியரில் இருக்க வேண்டும். நின்றதும் உடனே கிளம்புங்கள். இதையே இருபது முறை. மறுநாள் மறுபடி இருபது. வண்டி நிற்கும் நேரத்தில் முதல் கியரில் இருக்கிறதா என்பதுதான் தேர்வு, கியர் எண் காட்டும் டிஸ்ப்ளே இருந்தால் அதைப் பார்க்காமல் கிளம்புங்கள், அணைந்துபோனால் தப்பு செய்தீர்கள் என்று அர்த்தம்.

அதற்கு முன் ஒரு வாரம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுழற்றிக்கொண்டே கியர் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சக்கரம் சுழலாவிட்டால் கியர் விழாது, வலுக்கட்டாயமாக மிதிக்க வேண்டாம். வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "மிதி ஏறும், தூக்கு இறங்கும்." கேட்க சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தாலும் எனக்கு உதவியது இதுதான். ஹெல்மெட்டுக்குள் ரெண்டு வாரம் இதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அந்த 150ஐ இந்தக் காலத்தில் தொடாதீர்கள்.

—

நெடுஞ்சாலை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். திருப்பி மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பிட்லேன் சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் அந்தக் காரணம் சாலையில் எத்தனை முறை வருகிறது? பூட்ஸ் தரையில் உரசும் அளவுக்குச் சாய்ந்து கியர் ஏற்றும் தேவை சாலையில் வந்தால் அங்கே வேறு ஏதோ தப்பாக இருக்கிறது. சாலையில் வருவது நாய், குழி, திடீரென்று திறக்கும் கார் கதவு. அங்கே கால் யோசிக்காமல் செய்வதுதான் நடக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிவர்ஸுக்கு மாறி நாலு மாதம் ஆகியிருந்தது. முழுதாகப் பழகிவிட்டேன் என்று நம்பியிருந்த நேரம். ஒரு இறக்கத்தில் வளைவு முடிந்து வந்தால் எதிரே மாடு, ரெண்டு பிரேக்கும் பிடித்தேன், கிளட்சும் பிடித்தேன், கால் பதினைந்து வருடப் பழக்கத்தில் கீழே மிதித்துக்கொண்டே போனது. மாட்டுக்கு ரெண்டு அடி முன்னால் நின்றேன். அதுவரை சரி. பின்னால் சத்தம் கேட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் மினி லாரி ஒன்று வேகம் குறையாமல் வருகிறது, ஓரத்துக்குக் கிளம்ப வேண்டும், கிளட்சை விட்டேன், வண்டி அணைந்துவிட்டது. ஐந்தாவது கியர். காலால் உந்தித்தான் மண்ணில் இறங்கினேன், லாரி நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பிரேக் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை, நின்ற பிறகு ஓடவும் முடிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வாரமே கியரை மாற்றிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியை நீங்கள் மட்டும் தொடுவதில்லை. சர்வீஸில் ஒருவர் ஓட்டிப் பார்ப்பார், தம்பி ஒருநாள் சாவியை எடுப்பான், வாங்க வருபவர் ஒரு சுற்று கேட்பார். டேங்கில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள், மாற்றும்வரையாவது.

—

ஸ்பானர்கை எழுதியது:

மாற்றுவதா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை. மாற்றினால் என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் குயிக்‌ஷிஃப்டர் இருக்கும் வண்டியில் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிவர்ஸ் ஆக்க ரெண்டு வழி இருக்கிறது. முதல் வழி, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் இருக்கும் சின்னக் கையைக் கழற்றி ஸ்ப்ளைனில் (ஷாஃப்டின் பல்வரிசையில்) எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுவது, மேலே பார்த்தது கீழே பார்க்கும். இரண்டாவது வழி, அந்தக் கையைத் தொடாமல், கால் வைக்கும் லீவரில், அதையும் கையையும் இணைக்கும் ராட் மாட்டும் இடத்தைச் சுழலும் அச்சுக்கு மறுபக்கம் மாற்றுவது. ட்ராக் ரியர்செட் (பின்னால் தள்ளி வைக்கும் கால்தாங்கி செட்) பலவற்றில் இதற்கென்றே ரெண்டு துளை இருக்கும்.

காலுக்கு ரெண்டும் ஒன்றுதான். குயிக்‌ஷிஃப்டரின் சென்சாருக்கு ஒன்றல்ல. கியர் ஏற்ற ஷாஃப்ட் எப்போதும் ஒரே திசையில்தான் திரும்ப வேண்டும். அதன் கை இருந்த இடத்திலேயே இருந்தால், லீவர் பக்கம் எப்படி மாற்றினாலும் கியர் ஏற்றும்போது ராட் பழைய திசையில்தான் போகும், முன்பு இழுபட்டது என்றால் இப்போதும் இழுபடும். கையைத் திருப்பிவிட்டால் இழுபட்ட ராட் இப்போது தள்ளப்படும். ராட்டில் மாட்டும் சென்சார்களில் சில இழுப்பை மட்டும் உணரும், சில தள்ளலை மட்டும், சில ரெண்டையும். ஒரு திசை மட்டும் உணரும் வகை என்றால், கையைத் திருப்பிய பிறகு கியர் ஏற்றும்போது எஞ்சின் ஒரு கணம் கட் ஆகாது, இறக்கும்போது கட் ஆகும். சில மாடல்களில் கன்ட்ரோல் பெட்டியிலேயே திசையை மாற்றும் வசதி இருக்கிறது, சிலவற்றில் சென்சாரையே மாற்ற வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே இதை எளிதாக மாற்றும்படி வரும் வண்டிகளும் உண்டு, பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் அப்படி. உங்களுடையது வெளியில் வாங்கிப் போட்டது, அதனால் முந்தைய உரிமையாளர் எந்த வழியில் மாற்றினார் என்று குனிந்து பாருங்கள்.

அப்புறம் ராட்டின் ரெண்டு முனையிலும் மரை எதிரெதிர் திசையில் இருக்கும், ஒன்று வலது மரை, ஒன்று இடது மரை. லாக் நட்டைத் தளர்த்தி ராட்டைத் திருகினால் லீவர் உயரும் அல்லது இறங்கும். ரெண்டு பக்கமும் மரை போதுமான அளவு உள்ளே இருக்கிறதா பாருங்கள், ஒரு பக்கம் வெளியே வந்து தொங்கும்படி விடாதீர்கள். லீவர் நடுநிலையில் இருக்கும்போது ராட்டும் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். கோணம் கெட்டுப்போனால் கியர் ஏற்றுவது லேசாகவும் இறக்குவது கனமாகவும் இருக்கும், சென்சாருக்கும் சரியான அழுத்தம் போகாது. கையைக் கழற்றி மாட்டினால் அதன் போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓடும்போது நழுவி வந்துவிடும்.

ரிவர்ஸில் லீவர் உயரமும் வேறு. தூக்குவதற்கு வசதியாக வைத்த உயரத்திலேயே விட்டுவிட்டால் மிதிக்கும்போது கணுக்கால் முழுக்க மடங்க வேண்டியிருக்கும். பூட்ஸ் நுனி லீவரின் மேல் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கொஞ்சம் இறக்குங்கள். நியூட்ரலில் போய் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் மிதிக்கும் அளவு முழுத் தூரம் போகவில்லை.

—

பிட்லேன் எழுதியது:

ஸ்பானர்கை சொன்னதோடு குயிக்‌ஷிஃப்டர் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், கேள்வியில் அந்தப் பாகத்தை யாரும் இன்னும் முழுதாகத் தொடவில்லை.

அந்தப் பெட்டி உங்களுக்காகக் கியர் போடுவதில்லை. கியர் போடுவது உங்கள் கால்தான். கியர்பாக்ஸுக்குள் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுழல்கின்றன, பக்கவாட்டில் இருக்கும் டாக் என்ற தடித்த பற்கள்தான் எந்த ஜோடி வேலை செய்ய வேண்டும் என்று பூட்டுகின்றன. ஆக்சிலேட்டர் திறந்திருக்கும்போது எஞ்சின் விசை அந்த டாக்குகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பிரிந்து வராது. சென்சார் உங்கள் அழுத்தத்தை உணர்ந்ததும் பற்றவைப்பை ஒரு கணம், சுமார் 50 முதல் 80 மில்லிசெகண்ட் வரை, நிறுத்துகிறது. விசை விலகுகிறது, டாக் நழுவுகிறது, அடுத்தது பூட்டுகிறது. இவ்வளவுதான்.

இதிலிருந்தே நேற்று நடந்ததும் புரியும். ஆக்சிலேட்டரை மூடாமல், கிளட்சைத் தொடாமல், தப்பாக மேலே தூக்கியிருந்தீர்கள் என்றால், உங்கள் சென்சார் ஒரு திசை வகையாக இருக்கும் பட்சத்தில், அநேகமாக லீவர் அசைந்தே இருக்காது. நீங்கள் கிளட்சைப் பிடித்ததால்தான் இரண்டாவது கியர் தாராளமாக விழுந்தது. எடுத்துக்காட்டாக இரண்டாவது கியர் விகிதம் 2.0, மூன்றாவது 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரத்தில் இருந்த எஞ்சின் கிளட்சை விட்டதும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இழுக்கப்படும். எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காது, அது பற்றவைப்பைத்தான் நிறுத்தும், பின் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருந்திருந்தால் வால்வு வரைக்கும் சேதம் போயிருக்கும்.

அதனால் மூன்றாவது கியருக்கு மேல் ஏற்றும்போது கிளட்ச் விரலை லீவரிலிருந்து எடுத்துவிடுங்கள், கைப்பிடியைச் சுற்றி வையுங்கள். இது வெறும் சௌகரியத்துக்காக அல்ல, தப்பான திசையில் கால் போனாலும் கியர்பாக்ஸ் மறுத்துவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது. ரிவர்ஸும் குயிக்‌ஷிஃப்டரும் சேர்ந்து புதிதாக வந்த ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

ஊருக்குள் இடிப்பது கோளாறு இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டர் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது டாக்குகளின் மேல் விசையே அதிகம் இல்லை. அந்த நேரத்தில் வெட்டி, உடனே திரும்பக் கொடுத்தால், செயினிலும் கியர்களுக்கு நடுவிலும் இருக்கும் தளர்வு ஒருமுறை ஒரு பக்கம் தள்ளி, மறுமுறை மறுபக்கம் இடிக்கும், அதுதான் முதுகில் குத்துவது. நாலாயிரம் ஐயாயிரத்துக்குக் கீழே கிளட்ச் பிடித்தே போடுங்கள். செயின் தளர்வையும் பாருங்கள், கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் தொங்கினால் எந்தக் குயிக்‌ஷிஃப்டரும் இடிக்கும். வேகத்திலும் இடித்தால் வெட்டும் நேரம் சரியில்லை. குறைவாக இருந்தால் கியர் விழாமல் முட்டும், அதிகமாக இருந்தால் வண்டி ஒரு கணம் மூக்கைக் குனிந்து எழும்.

ஒன்றிலிருந்து இரண்டு எல்லா வண்டியிலும் கடினம்தான், நடுவில் நியூட்ரல் இருக்கிறது, விகித இடைவெளியும் மற்ற கியர்களைவிடப் பெரிது. நான் இன்றைக்கும் சாலையில் அந்த ஒன்றுக்குக் கிளட்ச் பிடிக்கிறேன்.

கடைசியாக, லீவரின் மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். ரிவர்ஸில் இந்த ஆசை அதிகம், ஏனென்றால் கால் மேலேதான் இருக்கிறது, எடை தானாக விழுகிறது. லேசான அழுத்தம் நிலையாக இருந்தால் சென்சார் குழம்பும், சில நேரம் கேட்காமலே வெட்டும், உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கும் தேயும். போடும்போது தொட்டு, உறுதியாக ஒரே அழுத்து, உடனே விடு. கெஞ்சுவது போல மெதுவாக மிதிக்கக் கூடாது.

—

பழையவண்டி எழுதியது:

தம்பி, நான் ஸ்போர்ட் பைக் ஓட்டுபவன் இல்லை, வயதும் ஆயிற்று. ஆனால் இந்தத் தலைகீழ் கியரில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு என்பதால் எழுதுகிறேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், ஒன்று மேலே, மூன்று கீழே. நீங்கள் எல்லோரும் ரேஸ் முறை என்று சொல்வது எங்களுக்கு அன்றாட முறை. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளிலேயே ஆளுக்கு ஒரு விதம், நார்ட்டன் மேலே ஒன்று, ட்ரையம்ப் கீழே ஒன்று. 1974 செப்டம்பரிலிருந்து தயாராகும் வண்டிகளில் கியர் இடது காலில், தூக்கினால் ஏற வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது. உலகத்துக்கே ஒரே வடிவம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் காலில் பதிந்திருக்கும் பழக்கம் இயற்கையானது ஒன்றும் இல்லை, எழுதி வைத்த ஒரு விதிதான். அதனால் மாற்றவும் முடியும்.

நான் கவனித்த ஒரு விஷயம். புல்லட்டையும், இடது கால் கியர் வண்டியையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி வருடக்கணக்கில் ஓட்டினேன், கியரில் பெரிய குழப்பம் வந்ததில்லை. வேறு கால், வேறு உட்காரும் விதம், வேறு சத்தம், உடம்பு அதைத் தனி வண்டியாக வைத்துக்கொள்கிறது. பிரேக்தான் வம்பு, அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தது உண்டு. அப்புறம் என் மகன் ஒரு வண்டியில் இடது காலிலேயே தலைகீழாக மாற்றி வைத்திருந்தான், அதை ஓட்டியபோதுதான் திணறினேன். ஒரே காலுக்கு ரெண்டு விதமான பாடம் சொன்னால் அது இரண்டையும் பாதி பாதியாகத்தான் பிடிக்கும். உங்கள் நிலைமை அதுதான். காலையில் 150, மாலையில் 600, தினமும் அழித்து அழித்து எழுதுகிறீர்கள்.

ஸ்கூட்டர் இருந்தால் ஆபீசுக்கு அதில் போங்கள். காலுக்கு வேலையே இல்லை, பாடமும் கெடாது.

—

இடதுகால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையவண்டி ஐயா, வீட்டில் அம்மாவின் ஸ்கூட்டர் சும்மாதான் நிற்கிறது, எனக்கு இது தோன்றவே இல்லை. நாளையிலிருந்து அதுதான். நெடுஞ்சாலை அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு அன்று இரவே திருப்பி மாற்றிவிட நினைத்தேன். ஆனால் அடுத்த வருடம் ட்ராக் போக வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வண்டியையே வாங்கினேன், ஒருமுறை முழுதாக முயற்சி செய்து பார்க்கிறேன். ஒரு மாதம். அதற்குள் வரவில்லை என்றால் மாற்றிவிடுகிறேன்.

குனிந்து பார்த்தேன். ஷாஃப்டின் கையைத் தொடவில்லை, லீவரில் ராட்டை மறுபக்கத் துளையில் மாட்டியிருக்கிறார். அப்படியென்றால் எப்போது மாற்றினாலும் சென்சாருக்குச் சிக்கல் இல்லை என்று புரிந்துகொள்கிறேன், சரிதானே?

ஒரு கேள்வி. இறக்குவதற்கும் கிளட்ச் இல்லாமல் போகும்படி பிளிப்பர் போடலாமா?

—

ஸ்பானர்கை எழுதியது:

சென்சார் விஷயம் சரி. பிளிப்பர் இப்போது வேண்டாம். இறக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு கணம் திறந்து எஞ்சின் வேகத்தை ஏற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை, எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் உள்ள வண்டியில் அதை வண்டியின் கணினியான இசியுவே செய்துகொள்ளும். கேபிள் வண்டிக்குத் தனியாக மோட்டார் வைத்த வகைகள் கிடைக்கின்றன, ஆனால் உங்கள் கால் எது ஏற்றம் எது இறக்கம் என்று உறுதியாகாமல் இருக்கும்போது இறக்கத்தை இன்னும் சுலபமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதைக்கு இறக்குவதற்குக் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதே உங்களுக்கு ஒரு காவல்.

—

இடதுகால் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், சொல்ல வேண்டியது இருக்கிறது.

150ஐத் தொடவே இல்லை. முதல் வாரம் ஸ்டாண்டில், "மிதி ஏறும், தூக்கு இறங்கும்" என்று வாய் வலிக்கச் சொன்னேன், தங்கை வந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். இரண்டாவது வாரம் காலி இடத்தில் பிரேக் பயிற்சி. முதல் நாள் இருபதில் ஏழு முறை வண்டி அணைந்தது, அதைப் பார்த்தபோதுதான் சாலையில் எவ்வளவு ஆபத்தாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் இரண்டு முறை. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை, ஆனால் மறுநாள் தூக்கம் இல்லாமல் போய் ஓட்டியபோது மறுபடி நாலு. களைத்திருக்கும்போது பழைய கால் திரும்பி வருகிறது என்பதை இதில்தான் கண்டேன், அதனால் வேண்டுமென்றே ரெண்டு மாலை வேலை முடிந்து களைப்போடு போய்ப் பயிற்சி செய்தேன்.

லீவரை ஒரு விரல் அகலம் இறக்கினேன். செயின் கையேட்டு அளவைவிட அதிகமாகவே தொங்கியது, சரி செய்தேன். இந்த ரெண்டுக்கும் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நியூட்ரலில் நிற்பது பெரும்பாலும் போய்விட்டது, இருந்தாலும் அதற்குக் கிளட்ச்தான் பிடிக்கிறேன். ஐயாயிரத்துக்கு மேல் குயிக்‌ஷிஃப்டர் இப்போது ஒரு சத்தம் கூட இல்லாமல் விழுகிறது, ஆக்சிலேட்டரை அசைக்காமல் வைத்திருந்தால் போதும்.

போன ஞாயிறு நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன், ஒதுங்கினேன், கிளம்பினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது, கால் தானாகத் தூக்கியிருக்கிறது, முதல் கியரில்தான் கிளம்பியிருக்கிறேன்.

வண்டி ரிவர்ஸிலேயே இருக்கட்டும். 150ஐத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

—

நெடுஞ்சாலை எழுதியது:

மகிழ்ச்சி. ஸ்டிக்கர் ஒட்டினீர்களா? தம்பி இப்போது வழக்கமான முறையில் ஓட்டுகிறான், ஒருநாள் உங்கள் சாவியைக் கேட்பான்.

—

இடதுகால் எழுதியது:

ஒட்டிவிட்டேன் அண்ணா, டேங்கின் மேல், மஞ்சள் எழுத்தில். சாவி என் பையில்தான் இருக்கிறது.